இடது காலும் கிளச்சும்

“சண்டை போடாமலா ஒரு மனுசன் விடியக்காலம் பையைத் தூக்கிக்கிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம விறுவிறுன்னு போவாரு?” என்று பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் கேட்டாள். குழாயடியில் நாலு பேர் காதுபடத்தான் கேட்டாள்.

“சோலியாப் போயிருக்காக,” என்றேன்.

“காரை விட்டுட்டா? சாவியை மட்டும் கொண்டுக்கிட்டா?”

“நீ ஒன் குடம் நெறைஞ்சிருச்சான்னு பாரு.”

அதற்குமேல் அவளிடம் பேச முடியாது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் வீட்டுக்காரர் கண்டித்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டு எழுதிக்கொள்கிற உங்களிடம் சொல்லலாம். அச்சில் வந்தாலும் வெள்ளைத்தாய் படிக்கப்போவதில்லை. அவளும் என்னைப் போலக் கைநாட்டுதான்.

ஊருக்கு அவர் ஆண்டிச்சாமி. நான் பெயர் சொல்வதில்லை. அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர், தலை நரைக்கத் தொடங்கியபிறகு வண்டி ஓட்டப் படித்து ஒரு பழைய மாருதி கார் வாங்கினார். நிதானமாக அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சோற்றில் கை இருக்கும், கண் வாசலில் நிற்கிற காரில் இருக்கும். பெற்றவளையும் பிள்ளையையும் திருச்சுழி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர எங்கள் ஊரில் அவர் கார்தான். ஆட்டோ நின்றாலும் ஏறமாட்டார்கள். அவர் ஓட்டினால் பச்சைப்பிள்ளை முழிக்காமல் வீடு வந்து சேரும்.

போன தை மாதம் வெள்ளைத்தாயின் மருமகள் யுவராணியைக் கூட்டிவரும்போது, ஆஸ்பத்திரி வாசலிலேயே கார் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளி நின்றது. பிள்ளை வீறிட்டது.

“என்ன மாமா, தூக்கமா?”

“கிளச்சு சரியில்லம்மா,” என்றார்.

அன்றைக்குப் பிடித்ததுதான். விடிந்தால் ஸ்பேனரும் கையுமாகக் காருக்கு முன்னால் குனிந்திருப்பார். கிளச்சுக் கேபிளின் நட்டை ஒரு சுற்று இறுக்குவார், ஏறி மிதிப்பார், இறங்குவார், மறுபடி இறுக்குவார். “இப்பப் பாதி மிதிச்சாப் போதும்,” என்று சிரிப்பார். நாலு நாளில் அந்தப் பாதியும் கனக்கும். மறுபடி ஸ்பேனர்.

பிறகு ஒரு கருகல் வாடை வந்தது, கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போதெல்லாம். எங்கள் பக்கம் கருவேலங்கட்டையை அடுக்கி, மண்ணால் மூடி எரித்துக் கரி எடுப்பார்கள். எந்நேரமும் ஏதாவது ஒரு மூட்டம் புகைந்துகொண்டிருக்கும்.

“எவனோ கரிமூட்டம் போட்டிருக்கான்,” என்றார். நானும் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஏற்றியபிறகும் வாடை உள்ளேயே இருந்தது. கோடை மழை கொட்டி மூட்டமெல்லாம் அவிந்துகிடந்த அன்றும் அதே வாடை. அன்று இன்ஜின் கத்தியதே தவிர, கார் மேடு ஏறவில்லை.

நானும் கூடப் போயிருந்தேன். திருச்சுழி மெக்கானிக் இன்பராஜ் பிரித்துப் பார்த்தான். “பெரியப்பா, கிளச்சு பிளேட்டைக் கருக்கிட்டீகளே. பெடலு மொதல்ல கொஞ்சம் சும்மா எறங்கணும், அப்புறந்தான் புடிக்கணும். அந்த ப்ளேயே இல்லாம இறுக்கியிருக்கீக. காலை எடுத்தாலும் அரை மிதி மிதிச்ச கணக்காவே ஓடியிருக்கு.”

“கனமா இருந்துச்சுடா.”

புது பிளேட்டும் புதுக் கேபிளும் போட்டு, ப்ளே வைத்துக் கொடுத்தான். இவர் ஏறி மிதித்தார். பெடல் பாதியில் நின்று நடுங்கியது. “இன்னமும் கனக்குது. நீ சரியாப் போடல.”

இன்பராஜ் மிதித்துப் பார்த்தான். “பஞ்சாட்டம் இருக்கே.”

“ஒன் வயசுக்கு எல்லாம் பஞ்சுதான்.” என் பக்கம் திரும்பினார். “ஏத்தா, நீ மிதி.”

ஸ்டியரிங் பக்கம் நான் உட்கார்ந்ததே கிடையாது. சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி ஒரே மிதி. தரைவரைக்கும் போனது.

“என்ன?”

“லேசாத்தான் இருக்கு.” பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கனக்குதுன்னு சொன்னால், மறுபடி இறுக்கி இந்த பிளேட்டையும் கருக்குவார்.

இருட்டியபிறகு திரும்பும்போது இன்பராஜ் ஓட்டினான். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெடலே இல்லாத இடத்தை இடது காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் சொன்னார்: “மதுரைக்குப் போயி நரம்பு டாக்டரைப் பாத்துட்டு வாரேன். யார்ட்டயும் மூச்சு விடாத. காலு வெளங்கலன்னு தெரிஞ்சா எவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நம்ம கார்ல ஏறுவா?”

“இன்பராஜு ஓட்டட்டும், கார்லயே போவோம்.”

“அடுத்தவன் ஓட்டி நான் போறதை ஊரு பாக்கணுமாக்கும்.”

“அப்ப பஸ்ஸுல நானும் வாரேன்.”

“நீயும் வந்தா ஆஸ்பத்திரிக்குன்னு தெரிஞ்சு போகும்.”

மறுநாள் விடியலில் இரண்டு வேட்டியைப் பையில் வைத்துக் கொடுத்தேன். கார்ச்சாவியை மடியில் முடிந்துகொண்டார். “நம்ம மருமகன் வந்து காரைக் கேட்டாலும் சாவி இல்லன்னு சொல்லு. இன்பராஜு வச்ச ப்ளே அப்படியே இருக்கட்டும். நான் வந்து மிதிக்கிறேன்.”

பக்கத்து வாசலில் வெள்ளைத்தாய் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்; அவர் மடியில் முடிந்த சாவி அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. மெதுவாக நடந்தால் இவருக்கு இடது கால் இழுக்கும், வேகமாகப் போனால் தெரியாது. அதனால்தான் அத்தனை வேகம். திரும்பினால் அந்தக் காலை ஊன்றித் திரும்பவேண்டும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பாமலே போனார்.