மூன்றாம் பிரதிவாதி

அண்ணன் இறந்தது எனக்குப் போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிர்ச் சுவரில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே அவன் சிரித்துக்கொண்டிருந்தான். காரியமே முடிந்துவிட்டிருந்தது. மனைவி, மகன்கள், மருமகள், பேரன், பேத்தி, மாமன், மச்சான், நண்பர்கள் என்று ஒரு ஊரையே அடுக்கியிருந்தார்கள். உடன்பிறந்தவள் என்ற வரி மட்டும் இல்லை. எப்படி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். குன்னம் தாண்டும்வரை அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

கோபம் எதற்கென்றால், அவனிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருந்தேன். இருபது வருஷத்துக்கும் மேலாக, இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ரெட்டிபாளையம் பக்கத்தில்தான் எங்கள் வீடு. வேறு சாதிக்காரர் ஒருவரை நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பெரம்பலூருக்கு வந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்பா செத்த அன்று மட்டும் போனேன். தெருமுனையிலேயே அண்ணன் மறித்துக்கொண்டான்.

"உள்ள வராத. அப்பா உயில்லயே எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு, உன்னைத் தலைமுழுகிட்டேன்னு. எங்களுக்கு நீ இல்ல. போயிடு" என்றான்.

பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். சண்டை போட்டிருக்க வேண்டும். வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். 

எங்கள் பக்கம் பெண்ணைத் தலைமுழுகுவது வெறும் பேச்சு இல்லை. செத்தவர்களுக்குக் குளிப்பது போல, உயிரோடு இருக்கிறவளுக்காகக் குடும்பமே குளித்துவிட்டு வந்து உட்காரும். அப்பா குளித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எழுதி வைத்தார் என்று அண்ணன் சொன்னது என் கூடவே குடித்தனம் நடத்தியது. பிள்ளை தங்காதபோது அந்த வரிதான் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன் கணவர் போனபோதும் அதுதான் வந்தது. அம்மா அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டாள். அண்ணனும் போன பிறகு, அந்த வரியைப் பற்றிக் கேட்க மனிதர்கள் யாரும் இல்லை, காகிதம் மட்டும்தான் பாக்கி என்று புரிந்தது. அதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்பா விட்டுப்போன நிலத்துக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த நிலம் என்றைக்கோ சுண்ணாம்புக்கல் குழியாகிவிட்டது. பனை மர உயரத்துக்குக் கீழே தண்ணீர் பச்சையாக நிற்கிறது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி.

முதலில் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பெயரில் உயில் எதுவும் பதிவாகவில்லை. "பதியாத உயிலா இருக்கும்ங்கம்மா. கேஸ் ஏதும் நடந்துச்சா? நடந்திருந்தா அசல் கோர்ட்லதான் கெடக்கும்" என்றார் அங்கிருந்தவர். கேஸ் நடந்தது அரசல் புரசலாகத் தெரியும். உயிலே பொய் என்று சித்தப்பா கிளம்பியதாகவும், அண்ணன் ஜெயித்ததாகவும் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே அரியலூர் கோர்ட்டுக்குப் போனேன். நான் அரியலூர்க்காரி, நிலம் அரியலூர், சண்டை போட்டவர்கள் அரியலூர். கேஸ் மட்டும் வேறு எங்கே இருக்கும்?

நான் வேலை பார்ப்பது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில். டி.சி., மார்க் ஷீட், பழைய அட்மிஷன் நோட்டு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அந்தத் திமிரில் கோர்ட்டில் ஒரு காகிதம் எடுப்பது பெரிய விஷயமா என்று நினைத்தேன். நான்கு முறை லீவு போட்டேன். நான்கு முறையும் பஸ், டீ, பெஞ்சு. வழக்கு எண் தெரியாது, வருஷம் உத்தேசமாகத்தான் தெரியும். பதிவேட்டில் அப்பா பெயரைத் தேடினேன், சித்தப்பா பெயரைத் தேடினேன். அங்கே ஒவ்வொருவரும் ஒரு துணையோடு வந்திருந்தார்கள், சண்டைக்காரர்கள்கூட. என் பக்கத்து பெஞ்சு இடம் என் கைப்பைக்குத்தான்.

நான்காவது முறை, அங்கே வேலை பார்த்த ஒரு பெண் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த வருஷம்னு சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அம்மா, அப்ப அரியலூர் தனி ஜில்லாவே கெடையாதுங்க. பிரிச்சாங்க, திரும்பச் சேத்தாங்க, அப்புறந்தான் மறுபடி பிரிச்சாங்க. நீங்க சொல்றது சேந்திருந்த காலம். ஜில்லா கோர்ட்டு பெரம்பலூர்ல. உங்க கேஸ் கட்டு அங்கதான் இருக்கும். நீங்க எங்கேருந்து வரீங்க?"

"பெரம்பலூர்லேருந்து" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண். எனக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதில் இன்னும் குழப்பம் உண்டு. ஜில்லா மாறி மாறி வந்தாலும் மனசில் அரியலூர் அரியலூராகவே இருந்துவிட்டது. வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இருந்த காகிதத்தை ஒரு மணி நேரம் பஸ் ஏறிப் போய்த் தேடியிருக்கிறேன்.

பெரம்பலூரில் ஒரு வாரத்தில் வழக்கு எண் கிடைத்தது. அண்ணன்தான் வாதி, அவன் பெயரில் பதிவாகியிருந்தது. அவன் பெயரில் தேட எனக்குத் தோன்றவே இல்லை. நகல் மனு எழுதிக் கொடுத்தேன். சம்பந்தம் இல்லாத ஆள் கேட்டால் காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு அதையும் தயாராக எடுத்துப் போயிருந்தேன். நகல் பிரிவில் இருந்த பெரியவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எதுக்கும்மா? நீங்கதானே மூணாவது பிரதிவாதி."

"நானா?"

"ஆமா. மகள்னு போட்டுருக்கே. வாரிசை விட்டுட்டு கேஸ் போட முடியாதுங்களே" என்று கட்டைத் திருப்பிக் காட்டினார்.

என் பெயர் இருந்தது. அப்பாவின் இனிஷியலோடு இருந்தது. அதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. விலாசம் மட்டும் ரெட்டிபாளையத்து வீடு. அண்ணன் வேண்டுமென்றேதான் அப்படிக் கொடுத்திருக்க வேண்டும். சம்மன் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது, அங்கே நான் இல்லை, கதவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அடுத்த தாளில், மூன்றாம் பிரதிவாதியை மூன்று முறை கூப்பிட்டும் ஆஜராகவில்லை என்று இருந்தது.

அந்தக் கூப்பாடு எப்படி இருக்கும் என்று தெரியும். அன்று காலையில்கூட வராந்தாவில் நின்று யார் பெயரையோ மூன்று தரம் கூப்பிட்டார்கள். அப்படித்தான் என் பெயரையும் கூப்பிட்டிருப்பார்கள். அந்த வருஷம் நான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியனுப்பியிருந்தால் முதல் கூப்பாடு முடிவதற்குள் வந்து நின்றிருப்பேன். வாய்தா வாய்தாவாக என் வீட்டு ஆட்கள் எல்லாரும் என் ஊருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீ குடித்து, கோர்ட்டு முடிந்ததும் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். ஒருத்தர்கூட என் வீட்டுக்கு வரவில்லை. அதை நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் எதிரில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேனோ தெரியாது.

நகல் கைக்கு வந்த அன்று, வீடுவரை போகப் பொறுமை இல்லாமல் கோர்ட் வளாகத்திலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். உயில் இரண்டு பக்கம். மூன்று முறை படித்தேன். தலைமுழுகியது பற்றி ஒரு சொல் இல்லை. என்னைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: 'என் மகளை முறைப்படி மணம் செய்து கொடுத்து, சீர் வரிசைகள் செய்து அனுப்பிவிட்டபடியால், அவள் தன் கணவன் வீட்டில் சௌக்கியமாக இருந்து வருகிறாள்.'

எங்கள் பக்கத்து உயில்களில் வழக்கமாக எழுதுகிற வரி அது. பத்திர எழுத்தர் கேட்காமலேயே எழுதிவிடுவார். ஆனால் எழுதி முடித்ததும் படித்துக் காட்டுவார்களே. அப்பா கேட்டிருப்பார். வேண்டாம், அடித்துவிடு என்று சொல்லவில்லை. கௌரவம் பார்த்தாரா, மனசு இரங்கி விட்டுவிட்டாரா, இரண்டுமா? எனக்கு விளங்கவில்லை. அண்ணன் பொய் சொன்னான் என்பது மட்டும் விளங்கியது. தெருமுனையில் நின்று அவன் சொன்ன ஒரு பொய்யை நான் இத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன். ஆத்திரமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

சித்தப்பாவின் வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். பெண் தானாகப் போய்க் கல்யாணம் செய்துகொண்டது ஊருக்கே தெரியும். பெற்ற அப்பன் இப்படி எழுதியிருக்க மாட்டான். ஆகவே உயிலே பொய். அதற்குப் பதில் சொல்ல அம்மாவைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். அம்மாவின் சாட்சியமும் நகலில் இருந்தது.

சாட்சியத்தில் வக்கீலின் கேள்வியை எழுத மாட்டார்கள். பதிலை மட்டும் வரிசையாக எழுதுவார்கள். வக்கீல் சொன்னதைச் சாட்சி மறுத்தால், அப்படிச் சொன்னால் சரியல்ல என்று முடிப்பார்கள். அதைப் புரிந்துகொண்டுதான் படித்தேன்.

'என் மகள் கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அரக்குப் பட்டு, மாம்பழ நிற பார்டர். நான்தான் அரியலூர் போய் எடுத்தேன். பெண்ணுக்கு நலங்கு வைத்தது என் நாத்தனார். அவர் இப்போது உயிருடன் இல்லை. முதல் நாள் மழை பெய்ததால் பந்தியை உள்ளே மாற்றினோம். பாயசம் தீர்ந்துபோய் மறுபடி வைத்தோம். அனுப்பும்போது மகள் அழுதாள். நானும் அழுதேன். கல்யாணமே நடக்கவில்லை என்று சொன்னால் சரியல்ல.'

அண்ணன் ஜெயிப்பதற்காகச் சொன்ன பொய்தான் அது. எனக்குத் தெரியாதா? தீர்ப்பில் நீதிபதி அந்தக் கல்யாணத்தைத் தொடவே இல்லை. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் வந்து சொன்னதை வைத்தே முடித்துவிட்டார். கல்யாணம் நடந்தது என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு வரி போதும். அவள் ஒன்றரைப் பக்கம் சொல்லியிருந்தாள். மழையை அவளிடம் யார் கேட்டார்கள்? பாயசத்தை யார் கேட்டார்கள்?

எழுத்து மங்கியதால் கடைசிப் பத்தியை வெயில் பக்கம் திருப்பிப் பிடித்துப் படித்தேன்.

'மகள் இதே பெரம்பலூரில்தான் இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வந்து போகிறாள். வந்தால் இரண்டு நாள் தங்குவாள். அவள் வருவதே இல்லை என்று சொன்னால் சரியல்ல.'

அதற்குக் கீழே அம்மாவின் கைநாட்டு இருந்தது.