ஃபில்டர் கிரேடும் பத்து வண்டும்

போன வாரம் எறும்புகளிடம் தோற்றுப்போனேன்.

நான் ஜவ்வாது மலைக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது, இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கத்தரி, கொஞ்சம் வெண்டை, நிறைய எறும்பு. மருந்து அடிக்க மனசில்லை. டயட்டம் மண் தூவுங்கள், பூச்சி தானாகக் காய்ந்து சாகும் என்றார்கள் ஒரு வீடியோவில். ஆதிகாலத்துப் பாசியின் ஓடுகள் படிந்து உண்டான மாவு அது. பூச்சியின் மேல்தோலைக் கீறி, உடம்பு ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். விஷமே இல்லை என்றார்கள்... வேறென்ன வேண்டும்?

பஸ் பிடித்துத் திருப்பத்தூர் போனேன். உரம், பம்ப், தண்ணீர்த் தொட்டிச் சாமான் எல்லாம் விற்கிற கடை. கடைக்காரர் கேட்டார்:

“ஃபுட் கிரேடு, ஃபில்டர் கிரேடுன்னு ரெண்டு கீதுங்க. இன்னா வோணும்?”

காபி குடித்து வளர்ந்த மூளை என்ன செய்யும்? ஃபில்டர் என்றாலே உசத்தி. சலித்து, வடிகட்டி, சுத்தமாக்கியது. ஃபுட் கிரேடா? பூச்சிக்கு நான் எதற்குச் சாப்பாடு போட வேண்டும்? வெள்ளை வெளேரென்று ஃபில்டர் கிரேடு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ராணிக்கு ஒரு டப்பா கொடுத்தேன். ராணிக்கு என் வயசுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சாமையும் மொச்சையும் போடுகிறவள். விதைக்கு வைத்திருந்த மொச்சையில் வண்டு விழுந்து பாதி ஓட்டை. மிச்சமும் போனால் இந்த வருடம் விதைக்க ஒன்றுமில்லை என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். இதைக் கலந்து வை, வெயிலில் காயவைத்து முறத்தில் புடைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நானே பக்குவமும் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எல்லாம் தெரியும் பாருங்கள்!

என் தோட்டத்திலும் தூவிவிட்டு மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். எறும்புகள் அந்த வெள்ளைப் பொடியின் மேலேயே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. எனக்குத்தான் இருமல்.

அப்போதுதான் பையில் எழுதியிருந்ததைப் படித்தேன். வாங்கும்போது படிக்க வேண்டியது. கணியம்பாடியில் நர்சரி வைத்திருக்கும் என் தோழிக்கு போன் போட்டேன்.

“அது நீச்சல்குளத்துத் தண்ணிய வடிகட்றதுக்குடி. சூளையில போட்டுச் சுட்டது. பூச்சி சாவாது, உன் நெஞ்சுதான் கெட்டுப்பூடும்.”

அந்தச் சூட்டில் மாவு படிகக்கல் தூள் மாதிரி ஆகிவிடுமாம். தொடர்ந்து மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. தோட்டத்துக்கும் விதைக்கும் சுடாத ஃபுட் கிரேடுதான். அதையும் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் தூவ வேண்டும், பனியில் நனைந்தால் வேலை செய்யாது, பூவில் பட்டால் தேனீயும் சாகும் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. முகத்துக்கு நேராக முறத்தைப் பிடித்துப் புடைக்கிற ராணிதான் கண்ணில் தெரிந்தாள்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வாசலில் மொச்சை காய்ந்துகொண்டிருந்தது. ராணி கையில் முறம்!

கலந்துவிட்டாயா என்று கேட்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ராணி எழுந்து உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே அரை விரல் உயரத்துக்கு என் பொடி. அதில் பத்து வண்டு. எல்லாம் உயிரோடு.

“மூணு நாளாப் பாக்கறேங்க்கா. பவுடர் பூசிக்கினு ஜாலியா சுத்துதுங்க. ஒண்ணுகூட சாவல.”

அப்படியானால் விதையில் கலக்கவே இல்லையா?

“வெதையாச்சேக்கா. நீங்க குட்த்தீங்கன்னு அப்டியே கொட்டிடுவனா?”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. செருப்பு வாங்கக்கூட நாற்பது ரிவ்யூ படிக்கிற நான், ஒரு வார்த்தையின் பகட்டில் மயங்கி மூச்சுக்கு உலை வைக்கிற சாமானை வாங்கி, அக்கம்பக்கத்துக்கு விநியோகமும் செய்திருக்கிறேன். படித்தவர்கள் பையில் இருக்கிற லேபிளை நம்புகிறோம். அதைக்கூட முழுசாகப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

தோட்டத்துப் பொடியைத் தண்ணீர் தெளித்து அள்ளி மூட்டை கட்டினேன். மறுநாளே திருப்பத்தூர் போய், இந்த முறை பையின் முன்னும் பின்னும் படித்து, கடைக்காரரைக் குடைந்தெடுத்து, பூச்சிக்கென்றே விற்கிற ஃபுட் கிரேடு வாங்கிவந்தேன். ராணியிடம் மன்னிப்புக் கேட்டு, இது சத்தியமாகச் சரியானது என்று கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டாள். சிரித்தாள். அப்புறம் ஒரு காலி பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மொச்சையைக் கிளறி, ஒன்று, இரண்டு என்று வண்டு பிடிக்க ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்... நிம்மதிதான் வந்தது.