ஒரே அறை, ஒரே எடைப் பிரிவு

ஷாதிபூரில் நானும் என் தோழியும் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தோம். என் வீடு தெற்கே வேறொரு தீவில், ஹட் பேயில். அவள் அப்பா வடக்கே இன்னொரு தீவில், ரங்கத்தில் கடை வைத்திருந்தார். பகலில் நான் ஃபீனிக்ஸ் பே கப்பல் துறை டிக்கெட் கவுண்டரில் உட்கார்வேன். அவள் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மாலையில் இருவரும் ஜூடோ பயிற்சிக்குப் போவோம்.

அந்த வருடத் தேர்வுப் போட்டியில் அவள் ஐம்பத்தேழு கிலோ பிரிவு. என் எடைக்கு நானும் அதில்தான் இறங்க வேண்டும். ஜெயிக்கும் ஒருத்தி மட்டும் சென்னையில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போவாள். அவளோடு மோத எனக்கு மனமில்லை. மூன்று கிலோ குறைத்தால் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடலாம். அவளிடம் சொல்லாமல் சோற்றைக் குறைத்தேன், பிறகு தண்ணீரையும்.

ஜூடோவில் நான்கு நிமிடமும் எதிராளியின் சட்டையை விடாமல் பிடித்து இழுக்க வேண்டும். முதலில் சோர்வது முன்கைதான். ஒரு மாலை, பயிற்சி முடியும் முன்பே என் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. கண் இருட்டியது. அவள் என்னைத் தூக்கிப் போடாமல், தாங்கி உட்கார வைத்தாள்.

"காலையில என்ன சாப்ட்ட?"

"சாய்."

"அவ்வளவுதானா?"

காரணத்தைச் சொன்னேன்.

"என்கூட மோதக் கூடாதுன்னு பட்டினி கெடந்தியா? பாகல், பைத்தியமே. தெம்பா வந்து என்னைத் தோக்கடிச்சாக்கூட எனக்குச் சந்தோஷம்தான்டி."

அன்று அவளே மீன் குழம்பு வைத்தாள். இரண்டாம் முறை சோறு போட்டபோது நான் வேண்டாமென்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து விடியற்காலையில் மேட்டுச் சாலையில் ஓடினோம். முழு வேகத்தில் ஏறுவது, மூச்சு அடங்கும்வரை நடந்து இறங்குவது, மறுபடி ஏறுவது. கைப்பிடிக்காக, மரக்கிளையில் பழைய சட்டையைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கினோம்.

எங்கள் பிரிவின் இறுதிச் சுற்றில் நின்றது நாங்கள் இருவரும்தான். நான்கு நிமிடம் முடிந்தும் யாருக்கும் புள்ளியில்லை, ஆட்டம் நீண்டது. என் பிடி விடவில்லை. ஆனால் நான் கால் மாற்றிய ஒரு கணத்தில் அவள் இடுப்பைக் கொடுத்து வீசினாள். விரிப்பில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்திலேயே அவளும் எழ முடியாமல் கிடந்தாள். நடுவர் எழுந்திருக்கச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது.

சென்னையில் அவள் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். அன்று மாலை போன் செய்தாள்.

"என்னைத் தோக்கடிச்சவ பெரிய ஆளுடி. ஆனா கடைசி வரைக்கும் எனக்கு மூச்சு வாங்கல."

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"பிரியாணி," என்றாள்.