அடிவரை உறையட்டும்

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எலிசாவைப் போல மெல்லிசாகப் பட்டை சீவுகிறவர்கள் குறைவு. பதினெட்டு வருடமாக அவள் பால் வெட்டும் முந்நூறு மரங்களில் ஒன்றிலும் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டதில்லை. கத்தி பிடிக்கும் அந்தக் கையைத்தான் மழைச் சரிவில் வழுக்கி விழுந்தபோது ஊன்றி ஒடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் வாரம், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க மாவுக்கட்டைப் பிரித்ததும் ஒடிந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக ஒரு முண்டு. வலியே இல்லை.

“கல்லு கணக்கா கூடிட்டு மக்கா. இனி கெட்டு வேண்டாம். திங்கக்கெழம வரலைன்னா எம் மரத்த அந்தப் புதுப்பய டெனிஷுக்குக் குடுப்பேன்னு சூப்பர்வைசர் சொல்லியாச்சு. அவன் பட்டையா சீவுவான்? வெறகுல்லா கீறுவான்!”

எக்ஸ்ரே எடுக்கும் ஜின்சி சிரித்துக்கொண்டே படத்தை விளக்கில் மாட்டினாள்.

“ஒடிஞ்ச எடத்துல வெறும் பொக கணக்கா இருக்கு, பாத்தியளா அக்கா? ஒங்க கையில தட்டுப்படது ஒடம்பு மொதல்ல பின்னிப் போட்ட நாரு. ரத்தத்துல உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதுக்குள்ள பொடிப்பொடிப் படிகமா உறையணும். தலைமுடி அகலத்துல ஆயிரத்த வரிசையா நிரத்தி வைக்கலாம், அவ்வளவு சின்னது. அது வளந்து நாரு நெறைஞ்சாத்தான் எலும்பு. அப்பம் படத்துல வெள்ளையாத் தெரியும்.”

“மேல கெட்டியா இருக்கே?”

“எல்லா எடமும் ஒண்ணுபோல உறையாதுக்கா.”

எலிசாவுக்குப் பழைய தட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆசிட் கலந்து தட்டில் ஊற்றிய ரப்பர் பாலை மேலே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, உறைந்தாயிற்று என்று கவிழ்த்தவள் அவள். அடியில் பால் பாலாகவே இருந்தது. பாதி உறைந்த ரப்பர் ஷீட் பிய்ந்து பால் தரையெல்லாம் ஓடியது.

“இன்னும் எத்தன நாளு?”

“நாலு வாரமாவது ஆவும். டாக்டர் சொல்லுவாங்க.”

மறுபடியும் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் போனில் டெனிஷை அழைத்தாள்.

“ஏலே, மரத்த நீயே வெட்டு. மூணாவது வரிசையில பட்ட மெலிசு. கத்தி கட்டையில பட்டுதுன்னு கேட்டேன்...”

“கை ஒடிஞ்சும் நாக்கு ஒடியலியே அக்கா!”

“நாக்குல எலும்பு உண்டாலே, ஒடியதுக்கு? நாலு வாரம் கழிச்சுத் திருப்பித் தருவியா?”

“அத சூப்பர்வைசர்ட்டல்லா கேக்கணும்.”

எலிசா போனைப் பைக்குள் போட்டாள். பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பால் ஊற்றிய தட்டை யாரும் தட்டிவிடாத மூலையில் வைப்பதுபோல, கட்டுப்போட்ட கையை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டாள்.