படித்துவிட்டு நகல் எடுப்பவர்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரருக்கு ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, வலது கட்டைவிரலில் மட்டும் நீளமான நகம். எதைக் கொடுத்தாலும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் நகல் எடுப்பார். தறியில் அறுந்த இழையைத் தேடுகிற விரல் மாதிரி அந்த நகம் வரிவரியாக இறங்கும். மிஷின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, செய்யாறு கம்பெனி ஒன்றில் வேலை கேட்டுப் போவதற்காக என் சான்றிதழ்களை அவரிடம் நீட்டினேன்.

"கொஞ்சம் ஜல்தியா குடுங்க, பஸ்ஸு பூடும்."

"படிச்சிகினுதாங்க இருக்கேன்."

"படிக்க வேணாங்க, எடுத்தா போதும்."

"எடுக்கறதுக்கு மிஷினு இருக்குது. படிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும் இல்லீங்களா?"

பஸ் போய்விட்டது. நகம் ஓரிடத்தில் நின்றது.

"பத்தாவது முடிச்சதுக்கும் பதினொண்ணு சேர்ந்ததுக்கும் நடுவுல ஒரு வருஷம் காணோமே. எங்க போயிருந்தீங்க?"

அது அப்பா இறந்த வருடம். அவருடைய தறியில் நான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே, "சும்மா வீட்லதாங்க இருந்தேன்" என்றேன்.

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு நகல் எடுத்துக் கொடுத்தார்.

செய்யாற்றில் அதிகாரி என் ஃபைலைத் திறக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை ஷிப்டுக்கு வந்துடு" என்றார்.

அதன்பிறகு மூன்று கம்பெனி மாறிவிட்டேன். எல்லா இடத்திலும் அதே சான்றிதழ்களின் நகல்களைக் கொடுத்தேன். எல்லோரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருடத்தைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன்.