பேட்டைக்குப் போகணும்

ஓசூரில் போய்ச் சென்னகிருஷ்ணன் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பிளஷர் கிருஷ்ணன் என்று கேட்க வேண்டும். காருக்கு அப்போது எங்கள் பக்கத்தில் பிளஷர் என்றுதான் பேர். ஓட்டுகிறவனுக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. பேர்தான் பிளஷர், அவன் பிழைப்பில் அது மருந்துக்கும் கிடையாது.

பிறந்தது கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஊர்க்காரர்கள் வாயில் வெறும் பேட்டை. விவரம் தெரிவதற்குள் தாய் தகப்பன் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அஞ்செட்டியில் இருந்த தாய்மாமன் முனிராஜ் கூட்டிக்கொண்டு போய், இருக்கிற ஆடு மாடுகளோடு இவனையும் ஒன்றாக வளர்த்தார். மாட்டின் பின்னால் நடந்து அலுத்துப்போனவன் ஒரு லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டான். லாரிக்காரனிடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் திட்டு வாங்கி வண்டி ஓட்டக் கற்றான். அதில் ஒரு லாபம், மூன்று பாஷையும் வந்துவிட்டது.

பிறகு ஓசூர் ராமப்பனிடம் வேலை. அவருக்குப் பெங்களூரில் ஒரு டாக்சி ஓடியது. ராகிக் கொல்லைகளுக்கு நடுவில் கிடந்த ஏரோட்ரோமில் காத்துக் கிடந்து, விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை ஊருக்குள் கொண்டுபோய் விட வேண்டும். இறங்குகிற துரைகளும் ஆபீசர்களும் ஒன்று 'கண்டோன்மெண்ட்' என்பார்கள், இல்லாவிட்டால் 'சிட்டி' என்பார்கள். இந்த இரண்டு வார்த்தையைத் தவிர மூன்றாவது வார்த்தை அவன் காதில் விழுவதே அபூர்வம்.

இப்படி இருந்தவனுக்குக் கல்யாண யோகம் வந்தது. பேட்டையில் சின்னராஜ் என்று ஒருவர், கிருஷ்ணகிரி அணை வேலைக்கு மாட்டு வண்டியில் கல் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் காவேரி. மாரியம்மன் திருவிழாவில் இவன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். முனிராஜ் மாமா போய்ப் பேசி முடித்து வெற்றிலை பாக்கு மாற்ற நாளும் குறித்தார். அன்றைக்கு மழையில் விமானம் வராமல் இவன் ஏரோட்ரோமிலேயே மாட்டிக்கொண்டான். இரண்டாவது நாள் குறித்தார்கள். ஏறிய துரை நேரே மைசூருக்கு விடச் சொல்லிவிட்டார். பெண் வீட்டில் இரண்டு தடவையும் சமைத்த சோறு ஆறிப்போயிற்று.

சின்னராஜ் சொல்லி அனுப்பினார். "மூணாவது நாளும் வரலேன்னா ஊத்தங்கரைச் சொந்தத்துக்கே பொண்ணைக் கொடுத்துடறேன். வராத மாப்பிளைக்கு எடுத்து எடுத்து வெக்க நான் என்ன வெத்தலைக் கடையா நடத்தறேன்?"

மூன்றாவது நாளும் வந்தது. மத்தியானத்துக்கு மேல் பொழுது சாய்வதற்குள் நல்ல நேரம். முதலாளியிடம் லீவு கேட்டால் அவர் சிரித்தார். "ஏரோப்ளேன் வர்ற நாள்ல லீவா? வேணும்னா ஒண்ணு பண்ணு. அந்தப் பக்கமாவே ஒரு சவாரி கெடைச்சா ஓட்டிக்கிட்டுப் போ. நான் எதுக்கு வேணாம்ங்கறேன்."

நக்கலைப் பாருங்கள். விமானத்தில் வந்து இறங்கிக் கிருஷ்ணகிரிக்குப் போகிற மகராசன் எந்த ஊரில் பிறந்திருக்கிறான்? ஆனாலும் கிருஷ்ணன் காக்கிச் சட்டைக்கு உள்ளே புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். ஓசூர் மலைமேல் இருக்கிற சாமியை நினைத்துக்கொண்டு, ஒரே ஒரு சவாரி அந்தத் திசையில் கொடு என்று வேண்டினான். விமானம் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கண்டோன்மெண்ட், சிட்டி, கண்டோன்மெண்ட். மற்ற வண்டிகள் எல்லாம் நிறைந்து கிளம்பின. இவன் வண்டி மட்டும் காலியாக நின்றது.

கடைசியாக ஓர் அம்மாள் வந்தார். வெள்ளைப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, கையில் தோல் பை. விமானத்தில் ஆடிய ஆட்டம் இன்னும் காலில் இருந்தது. இவனைப் பார்த்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி சொன்னார்.

"பேட்டைக்குப் போகணும்ப்பா."

கிருஷ்ணனுக்கு ஒரு கணம் காது அடைத்துப்போயிற்று. "எங்கம்மா?"

"பேட்டைக்கு. தெரியுமா தெரியாதா?"

தெரியுமாவா? அவன் தொப்புள்கொடி விழுந்த இடம் அல்லவா. பையை வாங்கி உள்ளே வைத்து, அம்மாளை ஏற்றி, அவர் மனசு மாறிவிடுவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

பேட்டைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். உலகத்தில் இன்னொரு பேட்டை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெங்களூர்க் கடைத்தெருக்கள் இருக்கிற பழைய ஊருக்கும் பேட்டை என்றுதான் பேர் என்பது இவனுக்குத் தெரியாததில்லை. கன்னடக்காரர்கள் அதைப் 'பேட்டெ' என்று தினம் பத்துத் தடவை சொல்லக் கேட்டவன்தான். ஆனால் வாய் நிறையத் தமிழில் ஒருவர் 'பேட்டை' என்றதும், அதுவும் அன்றைக்கு, அவன் புத்தி வேறு எங்கே போகும்?

அந்த அம்மாளின் பேர் பவுலினா. மதராஸ் சாந்தோமில் பிரசவ நர்ஸ். மகன் அற்புதராஜ் விமானக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவன் வாங்கிக் கொடுத்த பாஸில் அக்காளைப் பார்க்கப் புறப்பட்டு வந்திருந்தார். பெங்களூருக்கு இதுதான் முதல் தடவை. இறங்கியதும் பேட்டைக்குப் போகணும்னு சொல்லும்மா, சின்னப் பிள்ளைகூட வழி காட்டும் என்று மகன் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"பேட்டையில யார் ஊட்டுக்கும்மா?" என்று கிருஷ்ணன் கேட்டான்.

"எங்க அக்கா வீட்டுக்கு. கோட்டைக்குப் பக்கத்துல."

"கோட்டைக்குப் பக்கத்துலயா? நம்ம ஊடும் அங்கதாம்மா இருந்துச்சு."

பெங்களூரிலும் ஒரு கோட்டை இருந்து தொலைத்தது, என்ன செய்வது? கிருஷ்ணகிரி மலைமேல் இருக்கிற கோட்டை இவன் கண்ணில் நிற்க, வண்டி மடிவாளத்தைத் தாண்டி ஓசூர் ரோட்டைப் பிடித்தது. சந்தோஷம் தாங்காமல் தன் முழுப் பேரையும் காவேரியின் பேரையும், தனக்கு அன்றைக்குப் பேட்டையில் நிச்சயம் என்பதையும், இரண்டு தடவை தவறிப்போனதையும், இன்றைக்கும் விட்டால் பெண் ஊத்தங்கரைக்குப் போய்விடும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னான். அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப என்னை இறக்கிவிட்டதும் நீ நேரா மாப்பிள்ளையா போய் உட்கார வேண்டியதுதான்" என்றார்.

"ஆமாம்மா. நீங்க என் வண்டியில ஏறினது அந்தக் கடவுள் போட்ட கணக்கு."

கொல்லைகள் வந்தன, போயின. ஏரி வந்தது. ஊர் இன்னும் வரவில்லையே என்று அம்மாள் இரண்டு தடவை கேட்டார். வந்துடும்மா, வந்துடும்மா என்றான். ஏரோட்ரோம் ஊருக்கு வெளியே என்று மகன் சொல்லியிருந்ததால், ரொம்பத்தான் வெளியே கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அத்திபெலே தாண்டியதும் கடைகளில் தமிழ் எழுத்துத் தெரிய ஆரம்பித்தது. பெங்களூரில் இவ்வளவு தமிழர்களா என்று அவருக்கு ஒரே பூரிப்பு. அப்போதுதான் ரோட்டோரத்தில் ஒரு பலகை வந்தது. சேலம் ஜில்லா எல்லை ஆரம்பம் என்று போட்டிருந்தது.

"நிறுத்துப்பா. சேலம் எதுக்குப்பா இங்க வந்தது?"

"பேட்டை சேலம் ஜில்லாதானேம்மா?"

"பெங்களூர்ப் பேட்டையா?"

வண்டி தானாக நின்றது போல நின்றது. கிருஷ்ணன் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "கிருஷ்ணகிரிப் பேட்டைன்னு நெனச்சுட்டேம்மா" என்றான்.

பவுலினா அம்மாளுக்கு விஷயம் மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. "காலைல மதராஸ்ல ஏறினேன். வானத்துல ஒரு சுத்து, தரையில ஒரு சுத்து. கடைசியில மறுபடியும் மதராஸ் ராஜ்யத்துலயே கொண்டாந்து விட்டுட்டியா?"

ஏற்றிய ஆளைச் சொன்ன இடத்தில் விடாத டிரைவர் என்று இதுவரை கிருஷ்ணனை யாரும் சொன்னதில்லை. வண்டியைத் திருப்பினான். திருப்பினால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பெங்களூர் போய் மறுபடி கிருஷ்ணகிரி வருவதற்குள் பொழுதும் சாய்ந்துவிடும், சின்னராஜ் மனசும் சாய்ந்துவிடும். காவேரியை இனிமேல் இன்னொருத்தன் பெண்டாட்டியாகத்தான் பார்க்க வேண்டும். காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

பின்னாலிருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, இப்படியே கிருஷ்ணகிரிக்குப் போனா நேரத்துக்குப் போயிடலாமா?"

"போயிடலாம்மா. ஆனா நீங்க..."

"நான் வர்றது எங்க அக்காவுக்குத் தெரியாது. சொல்லாம போய் நின்னு ஆச்சரியப்படுத்தலாம்னு வந்தேன். முப்பது வருஷமா அந்த வீட்டைவிட்டு நகராதவ, சாயங்காலத்துக்குள்ள எங்க ஓடிடப் போறா? திருப்பு வண்டியை."

"அம்மா..."

"அழுதுகிட்டு ஓட்டாத, மரத்துல மோதிடுவ. திருப்புன்னா திருப்பு."

கிருஷ்ணன் ரோட்டிலேயே ஒரு வட்டம் அடித்தான். ஓசூர்ச் சந்தையில் நிறுத்தித் தேங்காய், பழம், வெற்றிலை, பூ எல்லாம் அம்மாளே பொறுக்கி எடுத்தார். இவன் கைக்குக் கிடைத்த வாழைப்பழத்தை எடுத்தபோது, "காயா இருக்கு, வை கீழே" என்று ஒரு அதட்டல். அதட்டல் வாங்கக்கூட அவனுக்கு அன்றைக்கு இனித்தது. சூளகிரி வந்தது, போனது. அந்தக் கிழட்டு வண்டி அதற்கு முன்னும் அப்படி ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

பேட்டையில் சின்னராஜ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வண்டியைக் கண்டதும் முகம் இளகியது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து மறுபடி இறுகியது.

"முனிராஜ் எங்க? உன் தரப்புல ஒருத்தரும் வரலையா?"

அஞ்செட்டியிலிருந்து முனிராஜ் மாமா வந்து சேரவே இல்லை. அந்தக் காட்டு ஊருக்கு ஓடுகிற ஒற்றைப் பஸ் அன்றைக்கு எந்த மேட்டில் நின்றதோ. சின்னராஜ் கையை விரித்தார். "பையன் இன்னார் பெத்த பிள்ளைன்னு சபையில சொல்லி ஒரு பெரியவங்க தட்டை நீட்டணும். அதுதான் வழக்கம். அநாதையா வந்து நின்னா நான் யார் கையில இருந்து வாங்கறது?"

கிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். வண்டிக்குள் இருந்து பவுலினா அம்மாள் இறங்கினார்.

"நான் நீட்டலாம். ஆனா நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. புருஷனும் இல்லாதவ. உங்களுக்கு ஒத்துக்குமான்னு நீங்கதான் சொல்லணும்."

கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "யாரு நீங்க? எங்க இருந்து வர்றீங்க?" என்றார் சின்னராஜ்.

"மதராஸ். காலைல ஏரோப்ளேன்ல வந்தேன்."

அவ்வளவுதான். பேட்டைத் தெருவில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஏரோப்ளேனில் வந்திருக்கிறார்கள் என்று அடுத்த தெரு வரைக்கும் போய்விட்டது. பிள்ளைகள் ஏரோப்ளேனே வந்திருக்கிறது என்று மலைப் பக்கம் தேடி ஓடின. சின்னராஜுக்கு மட்டும் இன்னும் தயக்கம். அப்போது கதவுக்குப் பின்னால் இருந்து காவேரியின் குரல் வந்தது.

"யப்பா, அவரு ரெண்டு தடவை வரலேன்னு கோவிச்சுக்கிட்டே. இப்ப வந்திருக்காரு. வந்தவங்கள வெயில்ல நிக்க வெச்சிருக்கியே, உள்ள கூப்பிடு."

பெண் சபையில் இப்படிப் பேசலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சின்னராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்கம்மா உள்ள. என் மக சொன்னதுக்கு அப்பறம் நான் சொல்ல என்ன இருக்கு?"

கூடம் நிறைய ஆட்கள். தட்டை எடுத்து நீட்டப் போன அம்மாளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சபையில் சொல்ல வேண்டிய, பிள்ளையைப் பெற்றவள் பேர் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் குனிந்து, "உங்கம்மா பேர் என்னப்பா?" என்று கேட்டார்.

லைசென்ஸ் கேட்டிருக்கிறார்கள், வண்டி நம்பர் கேட்டிருக்கிறார்கள், முதலாளி பேர் கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இதை யாரும் கிருஷ்ணனிடம் கேட்டதில்லை.

"மாரம்மா" என்றான்.

பவுலினா அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். தட்டை இரண்டு கையாலும் தூக்கி, தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பேட்டை மாரம்மா பெத்த பிள்ளை சென்னகிருஷ்ணனுக்கு உங்க பொண்ணு காவேரியைக் கேட்டு வந்திருக்கேன்."

சின்னராஜ் தட்டை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை எதற்குக் குலுங்கிக் குலுங்கி அழுகிறான் என்று யாருக்கும் புரியவில்லை. கதவோரம் நின்ற காவேரிக்குப் புரிந்தது.