மாமனார் கைக்குப் போன நடுப்பலகை

இடுப்பு உயர மரப்பலகை, மேல்விளிம்பில் கைபிடிக்க ஒரு ஓட்டை. கல்யாணம் முடிந்து தேங்காய்ப்பட்டணத்துக்கு முதல் விருந்துக்குப் போன என் கையில், மனைவியின் தம்பியான அளியன் இதைத்தான் கொடுத்தான். வளைகுடாவில் பாய்ப்படகு ஓட்டியவன், வேலையை உதறிவிட்டு வந்து, சுற்றுலாக்காரர்களை ஏற்றலாம் என்று தானே ஒன்று கட்டியிருந்தான். மீன்பிடிக்கிற மாமனாருக்கோ எஞ்சின் இல்லாதது படகே இல்லை. "ஆத்து முகத்துப் பாறையச் சுத்தி வந்து காட்டுலே. வேற வள்ளம் இழுத்துட்டு வந்துச்சுன்னா இது வெறகு. நீ மறுபடி பிளேன் ஏறிக்க" என்று சொல்லிவிட்டார்.

சுக்கானும் பாயும் அளியனுக்கு. படகின் நடுவிலிருந்த பிளவு வழியே பலகையை இறக்குவதும் தூக்குவதும் எனக்கு. "காத்துக்கு எதிரா போவும்போ முழுசா எறக்கணும் அத்தான். திரும்பி வரும்போ பாதி தூக்கணும். மணலு கண்டா உருவிரணும். அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! அருமனையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு ஆறே அதிகம். கடல்காற்றுக்கு எதிராகப் படகு இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏறியது. எனக்குப் பொறுமை போயிற்று. அடியில் இவ்வளவு பெரிய பலகை தண்ணீரைப் பிடித்து இழுத்தால் எப்படிப் போகும்? ரப்பர் ஷீட் ஏற்றிய ஜீப் மேட்டில் திணறினால் பாரத்தைக் குறைப்போமே, அந்த அறிவில், அவன் பாய்க்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பலகையைச் சத்தமில்லாமல் உருவிவிட்டேன். படகு நண்டாகிவிட்டது! முகம் பாறையைப் பார்க்க, உடம்பு பக்கவாட்டில் நழுவி, கரையில் கைகட்டி நின்ற மாமனாரை நோக்கியே போனது. அவர் இழுவைக் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்.

"அத்தான், பலகை எங்க?"

"மடியிலதான் இருக்கு டே."

"எறக்குங்க! என்னைய பிளேன் ஏத்தாம விடமாட்டியளா?"

வெட்கம் பிடுங்கித் தின்ன, பலகையை அடிவரை அழுத்தினேன். நழுவல் நின்றது. பக்கவாட்டில் போக விடாமல் பலகை தண்ணீரில் ஊன்றிக்கொள்ள, காற்றின் பலமெல்லாம் படகை முன்னால் தள்ளியது. உள்ளங்கையில் அது துடித்ததே, அடடா, அப்படியொரு சந்தோஷம்! வாய்விட்டுக் கத்தினேன். பாறையைச் சுற்றினோம். பின்காற்று வந்ததும் பாதி தூக்கினேன். மணல் தெரிந்ததும் முழுக்க உருவினேன். யாரும் இழுக்காமலே படகு கரை தொட்டது.

மாமனார் வெள்ளை வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். பலகைக்குக் கை நீட்டினார். விறகுக்குத்தான் கேட்கிறார் என்று அளியன் முகம் செத்துவிட்டது. அவரோ படகில் ஏறி, என் இடத்தைப் பார்த்து நின்றார்.

"மருமவனே, நீரு எறங்கும். ஏலே, தள்ளு."

இன்றும் அந்தப் படகில் பலகை அவர் கையில்தான். ஒரு தடவை தாருங்கள் என்று கேட்டால் முறைக்கிறார்.